அடி விழுந்த பிறகு: சண்டை அனிமேயைப் பிள்ளைக்கு அனுமதிப்பதா?

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கோடு திரையரங்குகளுக்கு வந்தபோது பல பெற்றோருக்கு அந்தப் பெயரே புதிது. வீட்டுப் பிள்ளைகளுக்கோ அது பழைய சரக்கு. 2022இலேயே சோனி யாய் சேனல் ‘நருட்டோ’வைத் தமிழில் பேசவைத்துவிட்டது. க்ரஞ்சிரோல் செயலியில் ‘ஜுஜுட்சு கைசன்’, ‘சோலோ லெவலிங்’ போன்றவையும் தமிழில் கிடைக்கின்றன. இந்த மாற்றத்தில் எளிதாகக் கவனத்துக்கு வராத ஒரு சங்கதி உண்டு. ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலுமாக இருந்த காலத்தில் வாசிக்கத் தெரிவதே ஒரு பூட்டாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. குழந்தை சலித்து எழுந்து போய்விடும். தமிழ் டப்பிங் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. சென்னைப் புறநகரில், கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ ஒரே டிவி உள்ள வீட்டில், எட்டாம் வகுப்பு அண்ணன் பார்ப்பதைத் தரையில் உட்கார்ந்து படம் வரையும் யுகேஜி தங்கையும் வசனம் விடாமல் புரிந்துகொள்கிறாள். அதனால் ஒரு தொடர் ஏற்றதா என்று கேட்கும்போது, கேட்டு வாங்கிய பிள்ளையோடு அந்த ஹாலில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் முடிவு இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, ‘கார்ட்டூன்தானே’ என்று விட்டுவிடுவது. மற்றது, சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது திரையில் ரத்தம் தெறித்தால் ரிமோட்டைப் பிடுங்குவது. இரண்டிலும் தொடரை யாரும் பார்க்கவில்லை. இந்த அத்தியாயம் முன்வைக்கும் அளவுகோல் வேறு: அடி விழுந்த பிறகு கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். அடிபட்டவருக்கு வலிக்கிறதா, செத்தவருக்காக யாராவது அழுகிறார்களா, அடித்தவனுக்குக் கிடைப்பது கைதட்டலா, பாரமா? ரத்தத்தின் அளவை விட இந்தக் கேள்விகளின் பதில்தான் பிள்ளையின் மனதில் தங்கப்போவதைச் சரியாகச் சொல்லும்.

‘அதற்குத்தான் வயது எண் போடுகிறார்களே’ என்று கேட்கலாம். போடுகிறார்கள், அது பயனுள்ளதும்கூட. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று தாங்களே பிரிக்க வேண்டும். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். 2023இன் திரைப்படச் சட்டத் திருத்தம் திரையரங்கப் படங்களுக்கும் இதே மூன்று யு/ஏ படிகளைக் கொண்டுவந்தது. ஆனால் யு/ஏ என்பது பெற்றோருக்கான ஆலோசனை. ‘ஏ’ சான்றிதழ் போலக் கதவை மூடுவதில்லை. முடிவு நம் தலையில்தான் விழுகிறது. தவிர, எண்ணைப் போடுகிறவர்களே ஒத்துப்போவதில்லை. 2020இல் வந்த ‘டீமன் ஸ்லேயர்: முகென் ட்ரெயின்’ படத்துக்கு ஜப்பான் தந்தது பிஜி12, அதாவது பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே படத்துக்கு அமெரிக்கா தந்தது ஆர்; பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் உள்ளே போக முடியாது. படத்தில் ஒரு ஃபிரேமும் மாறவில்லை. ஜப்பானியத் தணிக்கையாளர் கதையின் மொத்தப் போக்கைப் பார்த்தாரோ, அமெரிக்கர் வெட்டுப்பட்ட கழுத்துகளைப் பார்த்தாரோ, நமக்குத் தெரிவதெல்லாம் அந்த எண் ஒரு தீர்ப்பு என்பதுதான். அது தெர்மாமீட்டர் காட்டும் அளவு போன்றதில்லை. தொடர்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எண் அந்த முழுமைக்கும் பொருந்தும். ‘நருட்டோ’ 220 எபிசோட், அதன் பின் ‘ஷிப்புடென்’ 500 எபிசோட். முதல் எபிசோடில் பள்ளிக்கூடக் குறும்பு செய்யும் பையன் கடைசியில் உலகப் போரில் நிற்கிறான். இவ்வளவு நீளத்துக்கு ஒற்றை எண் என்ன சொல்லிவிட முடியும்?

விளைவைப் பார்க்க வேண்டும் என்பது வெறும் ரசனை சார்ந்த பேச்சு என்று தோன்றினால், உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனைகளை நினைவுபடுத்துவது நல்லது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1960களின் தொடக்கத்தில் நடந்தவை. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் உதைப்பதையும் பார்த்த நர்சரிக் குழந்தைகள், வாய்ப்புக் கிடைத்ததும் அதையே செய்தார்கள். 1963இல் நேரில் பார்ப்பது, படமாகப் பார்ப்பது, கார்ட்டூன் பூனை வேடத்தில் பார்ப்பது என்று மாற்றிப் பார்த்தபோதும் மூன்றுமே வேலை செய்தன. ‘கார்ட்டூன்தானே’ வாதம் அங்கேயே அடிபட்டுவிட்டது. நமக்கு முக்கியமானது 1965இன் சோதனை. இதில் படத்தின் முடிவை மட்டும் மாற்றினார்கள்: சிலருக்குக் காட்டிய படத்தில் அடித்தவருக்குப் பரிசு, சிலருக்குக் காட்டியதில் தண்டனை, சிலருக்குக் காட்டியதில் ஒன்றுமே இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே நகலெடுத்தார்கள். பிறகு ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரேபோலச் செய்து காட்டினார்கள். கற்றுக்கொண்டது எல்லாரும்தான், வெளியே வருமா வராதா என்பதைக் கதையின் முடிவு தீர்மானித்திருக்கிறது. பொம்மை என்பதே குத்துவதற்காகச் செய்யப்பட்டது, அதைக் குத்துவது வன்முறையா என்ற விமர்சனம் நியாயமானது. சில நிமிடச் சோதனையை வைத்து வாழ்நாளைக் கணிக்கவும் முடியாது. ஆனாலும் 1990களில் அமெரிக்கத் தொலைக்காட்சி வன்முறையைப் பெரிய அளவில் அலசிய தேசிய ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டியது: வன்முறை எவ்வளவு என்பதோடு, செய்பவர் கவர்ச்சியானவரா, அது நியாயப்படுத்தப்படுகிறதா, வலி காட்டப்படுகிறதா, நகைச்சுவையாக மாற்றப்படுகிறதா என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் சில பழைய நம்பிக்கைகள் தலைகீழாகும். ரத்தத்தை வெட்டினால் தொடர் பாதுகாப்பாகிவிடும் என்பது அவற்றில் ஒன்று. 1996இல் ‘டிராகன் பால் இசட்’ அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் திருத்தப்பட்டபோது, செத்தவர்கள் ‘வேறொரு பரிமாணத்துக்கு’ அனுப்பப்பட்டதாக வசனம் மாற்றப்பட்டது. வெடித்துச் சிதறும் விமானத்தைப் பார்த்து, பாராசூட் தெரிகிறது, அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பாத்திரம் சொல்லும்படி ஆயிற்று. குத்து, வெடி, வீரச் சிரிப்பு எல்லாம் பெரும்பாலும் தங்கிவிட, ரத்தத்தோடு சாவும் நீக்கப்பட்டது. மூலம், திருத்தியது இரண்டில் எது குழந்தைக்குப் பொய் சொல்கிறது? உண்மையில் மூலக் கதையிலேயே இந்தப் பலவீனம் இருக்கிறது: ஏழு உருண்டைகளைச் சேர்த்தால் செத்தவர் எழுந்து வந்துவிடுவார். எதிர்ப்பக்கத்தில் ‘நருட்டோ’வின் முதல் பெரிய சண்டையை வையுங்கள். பாலத்தின் மேல் நடக்கும் அந்த மோதலின் முடிவில் எதிரியான ஸபுஸா, தனக்காக உயிர்விட்ட ஹாகு என்ற சிறுவனின் பக்கத்தில் தன்னைக் கிடத்தச் சொல்லி அழுகிறான். வென்றவர்கள் முகத்தில் வெற்றி இல்லை. ‘டீமன் ஸ்லேயர்’ இதை விட ரத்தமயமானது. முதல் எபிசோடிலேயே கரி விற்றுவிட்டு வீடு திரும்பும் தஞ்சிரோ, பனியில் கிடக்கும் தாயையும் உடன்பிறப்புகளையும் காண்கிறான். ஆனால் அதே தஞ்சிரோ, தான் வெட்டிய அரக்கன் கரைந்து போகும்போது அதன் கையைப் பற்றிக்கொள்கிறான். அரக்கர்களும் ஒரு காலத்தில் மனிதர்கள் என்பதை அந்தத் தொடர் மறக்க விடுவதில்லை. ‘சோலோ லெவலிங்’ வேறு வகை. கொரிய இணையக் கதையிலிருந்து வந்த அதில் நாயகன் கொல்லக் கொல்ல அவனுடைய நிலை எண் ஏறுகிறது. கொலைக்குக் கூலி உடனுக்குடன் திரையில் எழுத்தாக வருகிறது. பரிசு கொடுத்த படத்தைப் பார்த்த பண்டூராவின் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். வளர்ந்தவர்களுக்கு விறுவிறுப்பான தொடர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து வயதுக்குக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு.

சண்டையையே உற்றுப் பார்க்கும் பெற்றோர் தவறவிடுவது நகைச்சுவையை. இந்தியாவில் ஒரு அனிமே மீது அரசின் கை விழுந்த பிரபலமான நிகழ்வு 2008இல் நடந்தது. சிக்கியது வாளும் நெருப்பும் வீசும் தொடர் ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பையன் ஆடையை அவிழ்த்து ஆடி, பெரியவர்களை எதிர்த்துப் பேசும் ‘ஷின்சான்’. அடுத்த ஆண்டே வெட்டுகளோடு திரும்பி வந்துவிட்டது. அந்தத் தடை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் பெற்றோரின் புகாரில் ஒரு கூர்மை இருந்தது: குழந்தை எதைச் செய்து பார்க்க முடியுமோ அதைத்தான் செய்து பார்க்கும். ‘டீமன் ஸ்லேயர்’இல் வருவதுபோல நீர் மூச்சால் வாள் வீச யாராலும் முடியாது. அம்மாவைக் கிண்டலடிக்க எல்லாராலும் முடியும், அதற்குச் சிரிப்பும் பரிசாகக் கிடைக்கும். சண்டைத் தொடர்களுக்குள்ளும் இது ஒளிந்திருக்கிறது. ‘மை ஹீரோ அகாடமியா’வில் மினெடா என்ற மாணவன் சக மாணவிகளை எட்டிப் பார்ப்பது ஜோக், ‘டிராகன் பால்’ தொடரின் முதல் கட்டத்தில் ஆமைக் கிழவர் பெண்களிடம் காட்டும் அசட்டுத்தனம் ஜோக், ‘டீமன் ஸ்லேயர்’இல் ஸெனிட்சு முன்பின் தெரியாத பெண்ணிடம் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சித் தொங்குவது ஜோக். இவற்றில் பாதிக்கப்படுகிற பெண்ணின் எரிச்சல் ஒரு நொடி காட்டப்பட்டு மறைகிறது. ஏழாம் வகுப்புப் பையனிடம் பேச வேண்டிய இடம் தலை உருளும் காட்சியை விட இதுதான் என்பேன்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு சின்னக் குழந்தைகளின் பக்கத்திலிருந்து வருகிறது. விளைவைக் காட்டுவது நல்லது என்றால், ஐந்து வயதுக்கு ரத்தமும் பிணமும் காட்டலாமா? கூடாது. நகலெடுப்பதும் பயப்படுவதும் இரண்டு தனித் தீங்குகள்; அளவுகோல் முதலாவதற்குச் சொன்னது, இரண்டாவது வயதோடு ஒட்டியது. ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரை வைத்து ஜோன் கேன்டரும் க்ளென் ஸ்பார்க்ஸும் செய்த ஆய்வுகளில், பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் மிகவும் மிரண்டது நல்ல மனிதன் பச்சை உருவமாக மாறும் காட்சியில். ஹல்க் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்ற கதைத் தகவல் அவர்களுக்கு உதவவில்லை; தோற்றமே எல்லாம். ‘டீமன் ஸ்லேயர்’இல் தஞ்சிரோவின் பாசமுள்ள தங்கை நெஸுகோ கோரைப்பல்லோடு அண்ணன் மீது பாய்வதை ஒரு யுகேஜி குழந்தை எப்படி வாங்கிக்கொள்ளும் என்று ஊகிக்கலாம். அண்ணன் அவளுக்காக அழுகிறான் என்பதன் அருமை அந்த வயதுக்கு எட்டாது. ஆகவே ஏழு வயதுக்குக் கீழே இந்தத் தொடர்கள் எதுவும் வேண்டாம்; அங்கே அளவுகோலுக்கே வேலை இல்லை. உடல் சார்ந்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போகிமான்’ எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமுமாக வேகமாக மின்னிய காட்சியால் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். அதன் பிறகு ஜப்பானியத் தொலைக்காட்சிகள் மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வகுத்தன. வலிப்பு வந்த வரலாறுள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மற்ற வீடுகளிலும் விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு மிக அருகே உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

அடுத்த மறுப்பு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும்: ‘நம்ம சினிமாவுல இல்லாத வெட்டுக்குத்தா? கோயில்ல சூரசம்ஹாரத்துக்குத் தோள்ல தூக்கிட்டுப் போறோமே?’ சினிமாவைப் பற்றிய பாதி உண்மையே. நாயகன் முப்பது பேரை அரிவாளால் சாய்த்துவிட்டு மெதுவாக நடந்து வரும் படத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு, அனிமேயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையில்லை. அதே அளவுகோலை அங்கும் வைத்தால் பல படங்கள் ‘நருட்டோ’விடம் தோற்கும். சூரசம்ஹாரம் மட்டும் எனக்கு எதிரான சாட்சியாகத் தெரியவில்லை. கந்த சஷ்டியின்போது திருப்போரூரில் தலை தலையாக மாற்றிக்கொண்டு வரும் சூரன் வீழ்கிறான். ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. மாமரமாக நின்றவன் சேவலும் மயிலுமாகிறான், கொடியும் வாகனமுமாகிறான். வென்றவர் தோற்றவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். மறுநாள் திருக்கல்யாணம். அடிக்குப் பின் என்ன நடக்கிறது என்பதில் நம் மரபு இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறது. அதுவும் ஊரே சுற்றி நிற்க, தூக்கி வைத்திருப்பவரிடம் குழந்தை அப்போதே கேள்வி கேட்க வசதியோடு. காதில் இயர்போனை மாட்டி, போர்வைக்குள் ஐந்து எபிசோடைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதற்கு இதை நிகராகச் சொல்ல முடியாது.

‘சுட்டி டிவியும் கார்ட்டூன் நெட்வொர்க்கும் பார்த்து வளர்ந்தோம், கெட்டா போனோம்?’ என்பது இளம் பெற்றோரின் கேள்வி. கெட்டுப்போகவில்லை. ஆனால் அன்று டிவி தந்தது அரை மணி நேரம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் நண்பர்களோடு பேசித் தீர்த்துவிடலாம். இன்று பல பிள்ளைகளுக்குத் தொடரின் முதல் அறிமுகமே ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் வரும் துண்டுகளில்தான். முப்பது வினாடியில் அதிரடி இசையோடு வெட்டி ஒட்டிய கொலைகள். ஸபுஸாவின் அழுகையும் தஞ்சிரோ பற்றிக்கொண்ட கையும் அந்தத் துண்டில் இருக்காது. இருந்தால் அது வைரலாகாது. விளைவுதான் முக்கியம் என்றால், விளைவைக் கத்தரித்து வீசும் இந்தத் துண்டுகள் முழுத் தொடரை விட மோசமானவை. இதிலிருந்து சற்று விசித்திரமாகத் தோன்றும் ஒரு நடைமுறை முடிவு வருகிறது: தொடரைத் தடுத்துவிட்டு ஃபோனை விட்டுவைப்பதை விட, ஃபோனை வாங்கிக்கொண்டு தொடரை ஹாலில் உட்கார்ந்து பார்க்க விடுவது மேல்.

சரிபார்ப்பது எப்படி? முதலில் அந்தத் தொடர் ஜப்பானில் எந்த நேரத்தில் ஒளிபரப்பானது என்று தேடிப் பாருங்கள். அது அந்த ஊர்க்காரர்களே போட்டுக்கொண்ட எண். ‘டிராகன் பால் இசட்’ மாலை ஏழு மணி, ‘நருட்டோ’ ஏழரை, ‘மை ஹீரோ அகாடமியா’ ஐந்து, ஐந்தரை. குழந்தைகள் விழித்திருக்கும் நேரம். ‘டீமன் ஸ்லேயர்’ 2019இல் தொடங்கியபோது டோக்கியோவில் இரவு பதினொன்றரை. ‘ஜுஜுட்சு கைசன்’ நள்ளிரவை ஒட்டி. பல ஆண்டுகள் ஞாயிறு காலை வந்துகொண்டிருந்த ‘ஒன் பீஸ்’கூட 2025 ஏப்ரலில் இரவு பதினொன்றே காலுக்கு நகர்ந்தது. நேரம் எல்லாவற்றையும் சொல்லாது. மாலைத் தொடரான ‘நருட்டோ’வின் தொடக்கத்திலேயே நாயகன் ஆசிரியரைத் திகைக்க வைக்க நிர்வாணப் பெண்ணாக உருமாறும் குறும்பு உண்டு. அடுத்து, முதல் எபிசோடை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு கதைப்பகுதியின் கடைசி எபிசோடைப் பாருங்கள். பிள்ளைகள் அதை ஆர்க் என்பார்கள். சண்டையின் கணக்கு அங்கேதான் தீர்க்கப்படும். அனுமதியையும் அப்படியே பகுதி பகுதியாகக் கொடுங்கள். ‘டீமன் ஸ்லேயர்’இன் இரண்டாம் பருவத்தில் வரும் கேளிக்கை நகரப் பகுதி விலைமாதர் விடுதிகளில் நடக்கிறது; குழந்தைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்ற விவாதம் ஜப்பானிலேயே எழுந்தது. முதல் பருவத்துக்குச் சரி சொன்னவர் அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வருடம் போகட்டும் என்று சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

என் கணிப்பைக் கேட்டால்: ‘நருட்டோ’வின் முதல் தொடரும் ‘மை ஹீரோ அகாடமியா’வின் முற்பகுதியும் பத்து வயதிலிருந்து, பெரியவர் அவ்வப்போது கூட இருந்தால் போதும். ‘டீமன் ஸ்லேயர்’ பதின்மூன்று. பயந்த சுபாவம் இல்லாத, கதையைத் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பதினொன்றில் கூட உட்கார்ந்து தொடங்கலாம். ‘ஜுஜுட்சு கைசன்’, ‘அட்டாக் ஆன் டைட்டன்’ பதினாறு. திருப்பிச் சொல்வதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால் அதுதான் வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல பரிசோதனை. நேற்றுப் பார்த்த எபிசோடைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த அடி, எத்தனை பேர் காலி என்று மட்டும் வந்தால் பிள்ளை இன்னும் துண்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் ஏன் அப்படி ஆனான், அவன் அம்மா என்ன ஆனாள் என்று பேச்சு போனால் கதை உள்ளே இறங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கத்தில் நியாயமான கேள்வி. காலை மின்சார ரயிலைப் பிடித்துக் கிண்டிக்கோ எழும்பூருக்கோ போய், இரவு எட்டரைக்கு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வீடு திரும்புகிறவர்கள் 720 எபிசோடைக் கூட உட்கார்ந்து பார்க்க முடியாது. மாலை நான்கு முதல் எட்டு வரை பிள்ளைகளோடு இருப்பது பல வீடுகளில் தாத்தாவும் பாட்டியும். டப்பிங் பூட்டைக் கழற்றியது என்று சொன்னேன்; அது பாட்டிக்கும் கதவைத் திறந்திருக்கிறது. சப்டைட்டில் காலத்தில் அவருக்குத் திரையில் தெரிந்தது கத்தலும் வெளிச்சமும்தான். இப்போது ‘இவன் ஏன்டா தங்கச்சியப் பொட்டியில வெச்சுத் தூக்கிட்டுத் திரியறான்?’ என்று அவரால் கேட்க முடியும், பேரன் விளக்கியே தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு பகுதியின் கடைசி எபிசோடைப் பாருங்கள்; வார நாட்களில் ஹாலில் டிவியில்தான், ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் இல்லை என்பதை மட்டும் பாட்டியிடம் ஒப்படையுங்கள், தரம் பிரிக்கும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போட்டு வயது வரம்பை அமைத்துவிடுங்கள். உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் வைக்கும்போது பிறந்த வருடமும் வண்டி நம்பரும் வேண்டாம். எந்தப் பிள்ளையும் முதலில் அழுத்திப் பார்ப்பது அவற்றைத்தான்.